லாத்தாவின் கூஜா

காலரா வந்த வருஷம்தான் என் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தள்ளிப்போட வழியில்லை. சஃபர் மாதத்தில் எங்கள் வீடுகளில் நல்ல காரியம் வைப்பதில்லை. அது கழிந்து அடுத்த பிறை தெரிந்த பிறகுதான் வைக்க முடியும். ஆடி முடிவதற்குள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கிளம்பிவிடும். யூசுப் அண்ணனுக்குப் பினாங்கில் துணிக்கடை வேலை. அந்தக் கப்பலை விட்டால் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

இது அறுபத்து நாலாம் வருஷம். புது மாதிரிக் காலரா என்று பேப்பரில் போட்டார்கள். கிழக்கே எங்கோ தீவுகளில் ஆரம்பித்து, நாடு நாடாகத் தாண்டி, கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கியது. இதன் குணம் வேறு. கிருமி உள்ளே போன பலருக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் நன்றாக நடமாடுவார்கள். கிருமியும் அவர்களோடு நடமாடும்.

நான் சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டுக் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் இருந்தேன். அந்தக் கிருமியைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன். வளைந்து, கமா போல இருக்கும். வீட்டில் யாரும் அதைப் பற்றி என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. கேட்டவள் லாத்தா மட்டும்தான்.

லாத்தா என்றால் எங்களில் அக்கா. என் லாத்தா அஸ்மத் அப்போது ஏழு மாத கர்ப்பமாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இரண்டாவது போனது ஒரு காய்ச்சலுக்குப் பிறகு. அவளுடைய கணவர் இஸ்மாயில் மச்சான் நெல்லிக்குப்பத்தில் கடை வைத்திருந்தார். இந்த முறை எது செய்தாலும் அவள் முடிவுதான் என்று சொல்லி விட்டுப் போயிருந்தார்.

அண்ணன் கல்யாணம் சிதம்பரத்தில், பெண் வீட்டில். அதில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. நிக்காஹ் ஆண்கள் பக்கம் நடக்கும். ஓதி முடிந்ததும் மாப்பிள்ளையின் சகோதரி உள்ளே போய்ப் பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்டுவாள். மூத்தவள் கட்டுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது பெரியம்மா சொன்னாள்: "இந்த நேரத்துல அஸ்மத்து எதுக்கு? காலரா வேற. மலிகாவே கட்டிடட்டும்." மலிகா என்றால் நான்.

காலரா வேற. அப்படியென்றால் முதல் காரணம் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த கை. லாத்தா முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவள் வீட்டில் இருந்துவிட்டால் காலராவுக்காக இருந்தாள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. போனால், வயிற்றில் இருப்பதைப் பணயம் வைத்துப் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் கொல்லையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள்.

"இது எதுல வரும், எதுல வராது? ரெண்டையும் தனித்தனியா சொல்லு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தண்ணீரில் வரும். ஐஸில் வரும். ஈ உட்கார்ந்த பண்டத்தில் வரும். பச்சையாக அரிந்து வைத்ததில் வரும். கழுவாத கையில் வரும். கொதித்ததில் வராது. சூடு ஆறாத சோற்றில் வராது. காற்றில் வராது.

"பஸ்ல பக்கத்துல உக்காந்தா?"

"வராது."

"கழுத்துல கருகமணி கட்டினா?"

"வராது. கட்டின கையைக் கழுவாம வாயில வெச்சா வரலாம்."

"அப்போ சிதம்பரம் போறதுல ஒண்ணுமில்ல. அங்க போய் வாயத் தொறக்குறதுலதான் இருக்கு."

ஆமாம் என்றேன். ஆனாலும் ஒன்றும் வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னேன். தெரியும் என்றாள். உறுதி யார் கேட்டார்கள் என்றாள்.

மறுநாள் மஞ்சக்குப்பத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ஊசி போட்டுக்கொண்டாலும் பாதிப் பேருக்குத்தான் பலன், அதுவும் சில மாதங்களுக்குத்தான் என்று அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். காய்ச்சல் வரக்கூடும் என்றும் சொன்னார். காய்ச்சல் என்றதும் லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் காய்ச்சல் குறையுமா என்று கேட்டாள். இரண்டு தவணையாகப் போடலாம், குறைய வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். லாத்தா கையை நீட்டினாள். அன்று ராத்திரி உடம்பு லேசாகச் சுட்டது. காலையில் இறங்கிவிட்டது. அடுத்த வாரமும் போய்ப் போட்டுக்கொண்டாள்.

எங்கள் அப்பாவை அத்தா என்போம். அத்தாவும் ஊசி போட்டுக்கொண்டார். அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர். ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு, இனிமேல் கெடிலம் ஆத்துத் தண்ணியை அப்படியே அள்ளிக் குடிக்கலாம் என்று மண்டியில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் லாத்தாவுக்காக விறகு எரித்துத் தண்ணீர் காய்ச்சுவது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. தண்ணியில என்ன கறியா வேகுது என்பார். லாத்தா சிரித்துவிட்டு அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளுவாள். நன்றாகக் கொதித்து, ஆறி, மூடியோடு இருக்கும் தண்ணீரைத் தவிர அவள் வேறு எதையும் தொடவில்லை. பழத்தையும் தானே உரித்துச் சாப்பிட்டாள். யாரையும் இப்படிச் செய் என்று அவள் சொன்னதில்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது எங்கள் தெருவிலேயே இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண் வீட்டுக்கு இது தெரிய வேண்டாம் என்றார் அத்தா. தெரிந்தால் அவர்கள் பயந்து தேதியைத் தள்ளுவார்கள், கப்பல் போய்விடும். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல் எல்லோருக்கும் பட்டது. லாத்தா மட்டும், ஒருவேளை அவர்களும் நம்மிடம் எதையாவது சொல்லாமல் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார்.

கல்யாணத்தன்று காலையில் பித்தளைக் கூஜாவைக் கொதிநீரில் கழுவி, காய்ச்சிய தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகி என் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறியதும் சொந்தக்கார மாமா ஒருவர் என்னைப் பார்த்து, "என்னா மலிகா, பி.எஸ்ஸி. படிச்சதுக்குக் கூஜா தூக்குற உத்தியோகம்தான் கெடச்சுதா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"ஆமா மாமா, சம்பளம் ஜாஸ்தி. உங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க, இன்னொரு கூஜா இருக்கு" என்றாள் லாத்தா.

பெரியம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தாள். அங்கே போனால் சர்பத் வரும். கருகமணி கட்டுகிறவள் முதல் வாய் குடித்தால்தான் நம் பக்கத்துப் பெண்கள் தம்ளரைத் தொடுவார்கள். குடிக்க மாட்டேன் என்று சொல்லி மானத்தை வாங்காதே, உதட்டில் வைத்துவிட்டு எடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது. லாத்தா கேட்டுக்கொண்டாள். அது எனக்கும் நல்ல வழியாகத்தான் தோன்றியது.

சிதம்பரத்துக்குள் நுழையும் முன் பஸ்ஸை நிறுத்தி ஊசி போட்ட சீட்டைப் பார்த்தார்கள். ஊசி போடாதவர்களுக்கு அங்கேயே சாலையோரத்தில் போட்டார்கள். தேர் வீதியில் ஓட்டல் வாசல்களில் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகக் கிடந்தது.

பெண்ணின் தாயார் சலீமா பீவி கணவரை இழந்தவர். தையல் தைத்து மகளை வளர்த்தவர். வாசலில் நின்று எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். வெயில் தாங்கவில்லை. பெண்கள் இருந்த உள் கூடத்தில் நாங்கள் பாயில் உட்கார்ந்ததும் பெரிய தட்டில் நன்னாரி சர்பத் வந்தது. தம்ளர் வேர்த்திருந்தது. அந்த வெயிலில் அதைப் பார்க்கும்போதே எனக்கு நாக்கில் நீர் ஊறியது.

சலீமா பீவி முதல் தம்ளரை எடுத்து லாத்தா கையில் கொடுத்தார். கூடம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் தாகம். லாத்தா குடித்தால் அவர்கள் குடிப்பார்கள். அவர்களில் கைக்குழந்தைக்காரிகள் உண்டு.

லாத்தா தம்ளருக்குள் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஐஸ் துண்டில், கடையில் அதை மூடி வைக்கிற மரத்தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பாயில் வைத்தாள்.

"மாமி, எனக்கு பயமா இருக்கு" என்றாள். குரல் உயரவில்லை. "ரெண்டு போயிடுச்சு. இது மூணாவது. ஐஸ் போட்டத குடிக்க மாட்டேன். கொதிக்கக் கொதிக்க டீ குடுங்க, உங்க கையால வாங்கிக் குடிக்கிறேன்."

எங்களில் பெண்கள் வயிற்றுப் பிள்ளையைப் பற்றிச் சபையில் பேசுவதில்லை. போன பிள்ளையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அதுவும் கல்யாண வீட்டில். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சலீமா பீவியின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வூட்டுத் தண்ணி ஆவாதாம்மா?"

"எங்க வூட்டுத் தண்ணியும் எனக்கு ஆவல மாமி. காய்ச்சித்தான் குடிக்கிறேன்." லாத்தா தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "எங்க தெருவுல ரெண்டு பேர் படுத்துட்டாங்க. நாங்க உங்ககிட்ட சொல்லல. சொல்லியிருக்கணும்."

பெரியம்மா அவள் தொடையைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. வெளியே பந்தலில் இன்னும் நிக்காஹ் ஓதவில்லை. இந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் நின்றாலும் நின்றிருக்கும். கப்பல், பினாங்கு எல்லாம் அந்தப் பாயின்மேல் இருந்தது. கூஜாவின் கைப்பிடியை நான் எப்படிப் பிடித்திருந்தேனோ, விரலில் தடம் பதிந்திருந்தது.

சலீமா பீவி தட்டைக் கீழே வைத்தார். லாத்தாவுக்கு எதிரில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இங்க பின்னாடித் தெருவுலயும்தான்" என்றார். "நேத்துகூட ஒருத்தர தூக்கிட்டுப் போனாங்க. நீங்க வராம இருந்துடுவீங்களோன்னு நாங்களும் சொல்லல. அல்லா மன்னிக்கணும். இந்தச் சர்பத்த கலக்கும்போதே எனக்கு மனசு ஒப்பல கண்ணு."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளையின் கைக்கு எட்டாமல் தம்ளரைத் தள்ளி வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். சலீமா பீவி எழுந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்து ஓரத்தில் ஒவ்வொரு தம்ளராகக் கவிழ்த்தார். அந்த ஐஸுக்கு அவர் எங்கெங்கே அலைந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்த வீடு வேறு மாதிரி நடந்தது. டீ கொதித்தது. பந்தலுக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே ஆண்கள் ஏற்கெனவே ஒரு சுற்றுச் சர்பத் குடித்து முடித்திருந்தார்கள். பிரியாணிக்கு அரிந்து வைத்த தயிர் வெங்காயம் நிறுத்தப்பட்டது. சமையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே சஹன்களை வெந்நீரில் அலசினார். சஹன் என்பது எங்கள் விருந்துத் தட்டு. ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

நிக்காஹ் முடிந்ததும் லாத்தா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். மணப்பெண்ணின் தலையில் போட்டிருந்த துணியை விலக்கிக் கருகமணியைக் கட்டினாள். பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டி முடிந்ததும் மணப்பெண் லாத்தாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு, விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். உள் கூடத்தில் நடந்தது அவளுக்கும் கேட்டிருக்கும். லாத்தா வெளியே வந்து மறுபடியும் கை கழுவினாள்.

சாப்பாட்டுக்கு லாத்தா, சலீமா பீவி, பெரியம்மா, நான் என்று ஒரே சஹன். எனக்கு அதுதான் பயம். சோறு சூடாக இருக்கலாம், தட்டு கொதிநீரில் அலசியிருக்கலாம். நாலு கை நுழைகிறதே. லாத்தாவுக்குத் தனியாகத் தட்டு கேட்கட்டுமா என்று காதில் கேட்டேன்.

"நாலு பேரும் சோப்புப் போட்டுத்தான கழுவினோம்?"

"கழுவினோம். இருந்தாலும்..."

"இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. தெரியும். அத எடுத்துக்கறேன்." பிறகு சொன்னாள்: "எல்லாத்தையும் விட்டுட்டா நான் எதுக்கு வந்தேன்?"

பிரியாணி விரல் சுடும் சூட்டில் இருந்தது. ஊதி ஊதிச் சாப்பிட்டோம். சலீமா பீவி நல்ல கறித்துண்டாக எடுத்து லாத்தா பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கூஜாவிலிருந்து. பெரியம்மாவும் ஒரு தம்ளர் கேட்டாள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அத்தா படுத்துவிட்டார். பந்தலில் குடித்த சர்பத்தா, மண்டியில் குடித்த தண்ணீரா, எதுவென்று சொல்ல முடியாது. காலையில் ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் கண் குழிந்து, கை விரல் சுருங்கி, குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காலராக்காரர்களுக்கென்று தனியாகக் கொட்டகை போட்டிருந்தார்கள். கை நரம்பில் சலைன் ஏற்றினார்கள். அம்மாவும் நானும் மாறி மாறி இருந்தோம்.

லாத்தா வரவில்லை. அத்தா பிழைப்பாரா என்று தெரியாத அன்றுகூட வரவில்லை. பிள்ளைகள் எங்களில் அத்தாவுக்கு அவள்தான் உயிர். வீட்டில் எங்களுக்குத் தனி அறை, தனிப் பாத்திரம் ஒதுக்கினாள். நாங்கள் திரும்பி வரும்போது துணியை வெந்நீரில் போட அண்டா தயாராக இருக்கும். எட்ட நின்று கேட்பாள், கண் திறந்தாரா, பேசினாரா, எத்தனை பாட்டில் ஏறியது. கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்குப் பின்னால் அழுவது எனக்குக் கேட்கும். காலையில் அடுப்பு முன்னால் இருப்பாள்.

பார்க்க வந்தவர்கள் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். கல்யாணத்துக்குப் போகத் தெரிந்தது, பெத்தவனைப் பார்க்கப் போகத் தெரியவில்லை என்றார்கள். அவள் காதில் விழும்படிதான் சொன்னார்கள். அங்கே போனதற்கும் இங்கே போகாததற்கும் ஒரே கணக்குத்தான் என்று நான் அவர்களிடம் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. பெரியம்மாதான் சொன்னாள்: "அவ பாட்டுக்கு இருக்கட்டும். உங்களுக்கு டீ வேணும்னா கொதிக்க வெச்சுத் தரேன், குடிச்சிட்டுப் போங்க."

அத்தாவுக்குக் குரல் திரும்பியதும் முதலில் கேட்டது லாத்தாவைத்தான்.

"அஸ்மத்து வந்தாளா?"

இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.

அவர் கண்ணை மூடினார். "நல்லது. வரக் கூடாது" என்றார். அப்புறம், "அந்தத் தண்ணி கொஞ்சம் இருந்தா கொண்டா" என்றார்.

அவர் வீடு திரும்பி உடம்பு தேறிய பிறகுதான் யூசுப் அண்ணன் ஆடிக் கடைசியில் அந்தக் கப்பலில் ஏறினான். புரட்டாசியில் லாத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சின்னது, ஆனால் பிறந்ததும் வீடு அதிர அழுதது.

நாற்பதாம் நாள் சிதம்பரத்திலிருந்து சலீமா பீவி வந்தார். மழையில் நனைந்த சேலையோடு உள்ளே வந்து, முதலில் சோப்பு கேட்டார். முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வந்தவருக்குத் தாகமாக இருக்கும் என்று லாத்தா என்னிடம் கண் காட்டினாள். நான் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன்.

சலீமா பீவி அதை வாங்கவில்லை. பையைத் திறந்து, சின்னதாக ஒரு புதுக் கூஜாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"கோவிச்சுக்காத கண்ணு" என்றார் லாத்தாவைப் பார்த்து. "மூணு கொதி வெச்சது. உங்க வூட்டுத் தண்ணி எப்படியோ, யாருக்குத் தெரியும்?"

லாத்தா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.